செத்த நாயின் சாகாத கட்டி

தெருநாயின் பிறப்புறுப்பில் காலிஃப்ளவர்போலச் சிவந்து பிதுங்கி, தொட்டாலே ரத்தம் கசியும் கட்டியைப் பலரும் பார்த்திருப்போம். அது அந்த நாயின் உடலில் பிறந்த கட்டி அல்ல. 4,000 முதல் 8,500 ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் திரிந்த ஏதோ ஒரு நாயின் செல்கள்தான் அதில் இன்றும் பெருகிக்கொண்டிருக்கின்றன. நாய் எப்போதோ மண்ணாகிவிட்டது. அதன் புற்றுநோய் மட்டும் உடல் விட்டு உடல் தாவிப் பிழைத்துக் கிடக்கிறது.

இதைப் பரப்ப வைரஸ் எதுவும் தேவையில்லை. நாய்கள் இணையும்போது புற்றுச் செல்களே நேராக அடுத்த உடலில் ஒட்டிக்கொள்கின்றன. மோந்து நக்கினால் மூக்கிலும் வாயிலும்கூட வளரும். இப்படியே சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவை எட்டியது. சுமார் 500 ஆண்டுகளுக்கு முன் கப்பலேறிய நாய்களோடு அமெரிக்காவில் இறங்கி, அங்கிருந்து மற்றக் கண்டங்களுக்கும் பரவியது.

1870களில் ரஷ்யக் கால்நடை மருத்துவர் நோவின்ஸ்கி, ஒரு நாயின் கட்டியை இன்னொரு நாயில் ஒட்டி வளர்த்துக் காட்டினார். 2006-இல் லண்டனில் ராபின் வைஸ் குழுவினர் பல நாடுகளின் கட்டிகளைச் சோதித்தார்கள். அவை தம்மைச் சுமந்த நாய்களின் மரபணுவோடு ஒத்துப்போகவில்லை, தமக்குள் ஒத்துப்போயின. எல்லாம் ஒரே தாய்ச் செல்லின் வாரிசுகள்.

சரி, வேற்று நாயின் செல்லை உடல் ஏன் விரட்டவில்லை? ஒரு செல் தன்னுடையதா, அந்நியமா என்பதை உடலின் எதிர்ப்பு வீரர்களான டி செல்கள் அதன்மேல் உள்ள எம்.எச்.சி. என்னும் புரதங்களை வைத்தே கண்டுகொள்கின்றன. கட்டி அவற்றைப் பெரும்பாலும் காட்டாமல் அடக்கிவிடுகிறது. அடையாளமே இல்லாத செல்லைக் கொல்லவென்று வேறொரு காவல் செல் வகை உண்டு. கட்டி சுரக்கும் டி.ஜி.எஃப். பீட்டா அதையும் மந்தமாக்குகிறது.

ஆனால் சில நாய்களில் இந்த ஆட்டம் சில மாதங்கள்தான். கட்டிக்குள் புகுந்த வெள்ளணுக்கள் இன்டர்லியூக்கின்-6 சுரந்து டி.ஜி.எஃப். பீட்டாவின் தடையை முறிக்கின்றன. மறைந்திருந்த புரதங்கள் வெளியே தெரிகின்றன. டி செல்கள் சூழ, கட்டி சுருங்குகிறது. தானாகக் குணமான நாய்க்குப் பெரும்பாலும் அது மறுபடி வருவதில்லை. குட்டிகளிலும் நோஞ்சான் நாய்களிலும்தான் பெரும்பாலும் உள்ளுக்குள் பரவும். வாரம் ஒருமுறை போடும் வின்கிறிஸ்டின் ஊசியும் பெரும்பாலும் குணமாக்கிவிடும்.

தோற்பதற்குக் கட்டி அஞ்சுவதில்லை. தோற்பதற்குள் அந்த நாய் இன்னொன்றோடு இணைந்தால் போதும். அந்த அவகாசத்தைப் பறித்த இடத்தில் பயணம் நின்றது: 20-ஆம் நூற்றாண்டில் தெருநாய்களைக் கட்டுப்படுத்திய பிரிட்டனில் இந்நோய் ஏறத்தாழ இல்லாமலே போனது.