கிரேட் காளியும் பிளாக் லோட்டஸும்

அப்பா ஆம்பூர் ஷூ கம்பெனியிலிருந்து வரும்போது வாங்கிட்டு வந்த டபிள்யூ.டபிள்யூ.இ. டிரம்ப் கார்டு. உயரம்னு கேட்டா கிரேட் காளியை அடிக்க ஆளில்லை. ஆனா புது செட் வந்தா ரேங்க் மாறிடும், பழைய கட்டு செல்லாக்காசு. அழுதிருக்கேன் மக்களே!

அமெரிக்காவில் இதுக்குப் பெரியவங்களே கொதிச்சாங்க. 1993ல் வந்த 'மேஜிக்: தி கேதரிங்' ஆட்டத்தின் பழைய கார்டுகளை 1995ல் 'க்ரானிக்கிள்ஸ்' என்று மறுபதிப்பு செய்தார்கள். சேகரித்தவர்கள் சண்டைக்கு வர, 1996ல் 'இதெல்லாம் இனி அச்சிட மாட்டோம்' என்று பட்டியலே போட்டார்கள். ஆட்டத்தின் முரட்டுக் கார்டான பிளாக் லோட்டஸும் அதில் உண்டு. 2022ல் அதையும் அச்சிட்டார்கள்: நாலு பாக்கெட் 999 டாலர், போட்டியில் செல்லாது!

செல்லுபடியாகிற மாதிரி அது இனி வராது என்பது என் ஊகம். வந்தா விலையோடு வாக்கும் போயிடும்.

எங்க தெருவுக்கு யாரும் வாக்கு கொடுக்கலை. பழசையும் புதுசையும் கலந்தே ஆடினோம். உங்க ஊர்ல எப்படி?