களை என்னும் சொல்

தமிழில் ‘களை’ என்பது பெயர்ச்சொல் மட்டுமன்று. ‘அகற்று’ எனக் கட்டளையிடும் வினையுமாம். பயிரிடையே முளைக்கும் பூண்டின் பெயரிலேயே அதன் தீர்ப்பும் அடங்கியிருக்கிறது. (முகத்தின் பொலிவையும் அதே சொல்லால் குறிக்கிறோம், அது வேறு வியப்பு.) கொடியோரை அரசன் ஒறுத்தலைத் திருவள்ளுவரும் களையெடுப்புக்கே ஒப்பிட்டார்.

மத்தேயு 13ஆம் அதிகாரத்தின் எஜமானோ, பிடுங்கிவிடட்டுமா என்று கேட்ட வேலைக்காரரைத் தடுக்கிறார். அங்குள்ள கிரேக்கச் சொல் ‘சிசானியா’. கதிர் விடும்வரை கோதுமையைப் போலவே தோன்றும் ஒரு நச்சுப்புல்லை அது குறிப்பதாக அறிஞர் கொள்வர். வேர்கள் பின்னிக்கிடக்கையில் களையைப் பிடுங்கினால் கோதுமையும் கூடவே வந்துவிடும். தமிழ் உழவரின் காதுக்கு இது விநோதமான கட்டளையே.

நம் கரிசல் சீமையின் பெருங்களை சீமைக்கருவேலம். அயல்நாட்டிலிருந்து வந்த அம்மரம் கண்மாய்களை மூடிற்று. 2017இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதனை அகற்றக் கட்டளையிட்டது, அது நியாயமே. ஆயினும், மழை பொய்த்த ஆண்டுகளில் அதனை வெட்டி, கரிமூட்டம் போட்டு, அந்தக் கூலியில் உலை வைத்த ஏழைக் குடும்பங்கள் விருதுநகர், இராமநாதபுரம் மாவட்டங்களில் பல. அம்மரத்துக்கு ‘வேலிகாத்தான்’ என்றும் ஒரு பெயர் வழங்குகிறது.