‘கடைசி’ என்ற சொல்லும் மூன்று இறகுகளும்

அம்புக்கு இறகு கட்டுவது பார்வைக்கு ரொம்பச் சின்ன வேலை. ஒரு குச்சி, மூன்று இறகு, கொஞ்சம் பசை, கொஞ்சம் நூல். இறகின் நடுத்தண்டை நீளவாக்கில் பிளந்து, சுரண்டி மெல்லிசாக்கி, அம்பின் பின்முனையில் சற்றே சாய்வாக ஒட்ட வேண்டும். மூன்றும் ஒரே பக்கச் சிறகிலிருந்து வந்திருக்க வேண்டும். இடதையும் வலதையும் கலந்துவிட்டால் அம்பு சீராகச் சுழலாது. இறகு காற்றைப் பிடித்து அம்பின் பின்பக்கத்தை இழுத்துக்கொண்டே சுழற்றுவதால்தான் அம்பு நேராகப் போகிறது. அமெரிக்க வில்வேட்டைக்காரர்கள் பலர் இதை வீட்டு மேசையில் உட்கார்ந்து தாங்களே செய்கிறார்கள். ‘கடையில் எதுக்கு வாங்கணும், நம்ம கையாலேயே செஞ்சுக்கலாம்’ என்கிற பெருமிதம் அதில் இருக்கிறது. இருக்கட்டும். ஆனால் இந்தக் கைவேலை அந்த மேசைக்கு எந்த வழியாக வந்து சேர்ந்தது?

வந்த வழிகளில் ஒன்று இங்கிலாந்து. ரோஜர் ஆஸ்கம் 1545இல் எழுதிய ‘டாக்சோபிலஸ்’ வாத்து இறகின் மேன்மையைப் பற்றி விரிவாகவே பேசுகிறது. இந்த வழியைச் சொல்வதில் யாருக்கும் கூச்சமில்லை. இன்னொரு வழி ஒரு கசாப்புக் கொட்டடியிலிருந்து தொடங்குகிறது.

1911 ஆகஸ்ட் இறுதியில், வடக்குக் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊருக்கு அருகே, கொட்டடி வேலி ஓரத்தில் பசியும் களைப்புமாக ஒரு மனிதர் பிடிபட்டார். ஷெரீப் அவரைச் சிறையில் வைத்தார். மானிடவியலாளர் வாட்டர்மன் வந்து சான்பிரான்சிஸ்கோவிலிருந்த பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனார். தன் பெயரை அவர் கடைசிவரை சொல்லவில்லை. ஆல்பிரட் குரோபர் அவருக்கு ‘இஷி’ என்று பெயர் வைத்தார். யானா மொழியில் அதற்கு ‘மனுசன்’ என்று அர்த்தம், அவ்வளவுதான்.

இஷிக்கும் வீடு இருந்தது. அவரது யாஹி மக்கள் மில் கிரீக், டியர் கிரீக் பள்ளத்தாக்குகளில் வாழ்ந்தவர்கள். தங்க வேட்டைக்கு வந்த வெள்ளையர்கள் அவர்களைக் கூட்டங்கூட்டமாகச் சுட்டுத் தள்ளினார்கள். 1865இல் நடந்த தாக்குதல் அவற்றில் ஒன்று. மிஞ்சிய சிலர் நாற்பதாண்டுக் காலம் மறைந்தே வாழ்ந்தார்கள். 1908இல் நில அளவையாளர்கள் அந்த மறைவிடத்தையும் கண்டுபிடித்தார்கள். போர்வைக்கடியில் கிடந்த நோயாளிக் கிழவியை விட்டுவிட்டு, வில், அம்பு, கூடை, தோல் என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் ‘நினைவுப் பொருளாக’ எடுத்துப் போனார்கள். அதற்குப் பிறகு இஷிக்கு வாய்த்த ஒரே வீடு அந்த அருங்காட்சியகந்தான். காட்சிப்பொருளும் அவரே, கூட்டித் துடைக்கும் ஊழியரும் அவரே. ஞாயிற்றுக்கிழமைகளில் பார்வையாளர்கள் முன் உட்கார்ந்து அம்பு செய்து காட்டினார். மானின் தசைநாரை வாயில் மென்று மிருதுவாக்கி, அதைச் சுற்றி இறகைக் கட்டினார். எரிமலைக் கண்ணாடிக் கல் மட்டுமல்ல, சாதாரணப் பாட்டில் கண்ணாடியும் அவர் கையில் கூரிய அம்புமுனையானது.

பக்கத்திலிருந்த மருத்துவக் கல்லூரியில் அறுவைச் சிகிச்சை கற்பித்தவர் சாக்ஸ்டன் போப். அவர் இஷிக்கு வைத்தியர், சிநேகிதர், வில்வித்தையில் மாணவர். 1918இல் யாஹி வில்வித்தை பற்றி ஓர் ஆய்வேடு எழுதினார். 1923இல் வெளிவந்த அவரது ‘வில் அம்பு கொண்டு வேட்டை’ என்ற நூல் அமெரிக்க வில்வேட்டையின் மூலநூலாயிற்று. அதன் அமைப்பைக் கவனிக்க வேண்டும். முதல் அத்தியாயங்களில் இஷியின் கதையும் அவர் வில் அம்பு செய்த விதமும் வருகின்றன. பிறகு, வாசகர் எப்படிச் செய்துகொள்வது என்ற பாடம்: கடையில் கிடைக்கும் பிர்ச் மரக் குச்சி, வான்கோழி இறகு, பசை. ‘அவர் செய்தார்’ என்பது இறந்த காலம். ‘நீங்கள் செய்யலாம்’ என்பது நிகழ்காலம். நூலோ ராபின் ஹூட்டுக்குச் சமர்ப்பணம்! போப்பின் பெயரும் அவருடன் வேட்டையாடிய ஆர்ட் யங்கின் பெயரும் சேர்ந்து 1961இல் வில்வேட்டைச் சங்கம் ஒன்றின் பெயராயின.

போப்பின் சிநேகிதத்தைப் பொய் என்று சொல்ல வரவில்லை. பிரச்சினை ‘கடைசி’ என்ற சொல்லில் இருக்கிறது. கடைசி யாஹி, கடைசிக் காட்டு இந்தியர். கடைசி ஆள் என்றால் அவருக்குப் பின் வாரிசு இல்லை. வாரிசு இல்லாத சொத்தை எடுத்துக்கொள்பவர் திருடரில்லை, பாதுகாவலர். 1908இல் கூடாரத்தைக் காலி செய்தவர்களுக்குக் கிடைக்காத கௌரவத்தை இந்தச் சொல் அறிவுத்துறைக்கு வழங்கிவிடுகிறது.

1916 மார்ச் 25இல் இஷி காசநோயால் இறந்தார். உடலை அறுக்கக் கூடாது என்று நியூயார்க்கிலிருந்து குரோபர் கடிதம் எழுதினார். அதையும் மீறி அறுத்தார்கள். தகனத்தின்போது உடலோடு ஒரு வில்லையும் ஐந்து அம்புகளையும் வைத்தார்கள். மூளையை மட்டும் வைக்கவில்லை. அறுக்காதே என்று எழுதிய அதே குரோபர்தான் 1917இல் அதை ஸ்மித்சோனியனுக்கு அனுப்பி வைத்தார். கைத்திறன் கையேட்டுக்கு, மூளை ஆவணக் கிடங்குக்கு: இரண்டுக்கும் தர்க்கம் ஒன்றுதான்.

அந்தத் தர்க்கத்தை உடைக்க இஷியின் அம்பும் உதவியது. 1996இல் ஸ்டீவன் ஷாக்லி என்ற தொல்லியலாளர், இஷி செதுக்கிய முனைகள் யாஹி இடங்களில் கிடைத்தவற்றைவிட அண்டை வின்டு, நோம்லாக்கி மக்களுடையதை ஒத்திருப்பதாகக் காட்டினார். அண்டையாரோடு உறவு, கலப்பு, கொடுக்கல் வாங்கல் இருந்திருக்க வேண்டும். அப்படியென்றால் ‘கலப்பற்ற கடைசி மனிதர்’ எங்கே? 2000இல் ரெட்டிங் ரான்சரியாவும் பிட் ரிவர் பழங்குடியினரும் உறவினராக வந்து மூளையைப் பெற்றுக்கொண்டார்கள். வாரிசுகள் இருக்கத்தான் செய்தார்கள், யாரும் கேட்கவில்லை. 2021இல் பெர்க்லி பல்கலைக்கழகம் தன் கட்டிடம் ஒன்றிலிருந்து குரோபரின் பெயரை நீக்கியது.

வீட்டு மேசையில் இறகு ஒட்டுகிறவரை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. கை கற்றது கையிலிருந்து கைக்குப் போகத்தான் செய்யும். ஆனால் தன் கையால் செய்த அம்பு என்று சொல்லும்போது, வீடு பறிக்கப்பட்ட ஒருவரின் கை அதில் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கையேடு விட்டுவிட்ட பாடம் அது.