குண்டலகேசியை எந்த நீதிமன்றத்தில் நிறுத்துவது?

மாமல்லபுரத்துக்குச் செல்லும் நண்பர்கள் இரண்டு கொற்றவைச் சிற்பங்களை ஒரே நாளில் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும். திரிமூர்த்தி குடைவரையின் வெளிப்புறத்தில் இருப்பவள் வெட்டுண்ட எருமைத் தலையின்மீது அமைதியாக நிற்கிறாள். கலங்கரை விளக்கக் குன்றில் உள்ள மகிஷாசுரமர்த்தினி குடைவரையிலோ போர் இன்னும் முடியவில்லை. சிங்கத்தின்மீது அமர்ந்து அவள் வில்லை வளைக்கிறாள்; கையில் கதையுடன் அசுரன் பின்வாங்குகிறான். முன்னதில் நாம் காண்பது முடிவை மட்டும். பின்னதில் அந்த முடிவுக்கு இட்டுச் சென்ற போராட்டத்தைக் காண்கிறோம்.

தன்னை வதைத்த கணவனைக் கொன்ற பெண்ணை நீதிமன்றங்கள் நெடுங்காலம் முதற்சிற்பத்தைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்து வந்தன. கீழே ஒரு பிணம், மேலே ஒரு பெண். அதற்கு முந்தைய ஆண்டுகள் சட்டத்தின் கண்ணில் படவில்லை.

இப்படிப்பட்ட பெண் ஒருத்தி நம் இலக்கியத்திலேயே இருக்கிறாள். ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான குண்டலகேசி முழுமையாகக் கிடைக்கவில்லை. எஞ்சியவை 19 பாடல்களே. கதையை நீலகேசி உரையின் வழியாக அறிகிறோம். கொலைக்களத்துக்குக் கொண்டு செல்லப்பட்ட காளன் என்னும் கள்வனைக் காதலித்து மணந்தவள், ஊடலில் ஒருநாள் அவனைக் கள்வன் என்று சொல்லிவிடுகிறாள். அவன் அவளை மலையுச்சிக்கு அழைத்துச் சென்று, கொல்லப் போவதாகச் சொல்கிறான். இறக்கும் முன் தங்களை வலம்வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, சுற்றி வருகையில் அவனைப் பின்னிருந்து தள்ளிவிடுகிறாள். பிறகு பௌத்தத் துறவியாகி வாதம் புரிகிறாள். அவளை எந்த அரசனும் விசாரித்ததாகக் கதையில் இல்லை.

அவளை 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தின்முன் நிறுத்தினால் என்ன ஆகும்? தற்காப்புரிமையைக் கூறும் 100ஆம் பிரிவு அவளைக் காக்கக்கூடும். உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தது. ஆனால் அரசு வழக்குரைஞர் வலம் வந்ததைப் பிடித்துக்கொள்வார். பொய் சொல்லி, பின்னால் சென்று, திட்டமிட்டுத் தள்ளினாள் என்பார். வலிமையில் குறைந்தவள் நேருக்கு நேர் நின்று வெல்ல முடியாது என்பதே அதற்கு மறுமொழி. அவன் முதுகு அவளுக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பு.

அதே சட்டத்தின் 300ஆம் பிரிவில் முதல் விதிவிலக்கு ஒன்று உண்டு. கடுமையானதும் திடீரென்று நேர்ந்ததுமான சினமூட்டலால் தன்னடக்கம் இழந்து ஒருவர் கொன்றால் அது கொலைக்குற்றம் ஆகாது, தண்டனை குறையும். 'திடீர்' என்ற அந்தச் சொல்லில்தான் சிக்கல். ஆண்டுக்கணக்கில் அடிபட்டவளின் சினம் திடீரென்று வருவதில்லை. அது சேர்ந்துகொண்டே வருவது.

ஆனால் இந்தச் சொல்லைத் தளர்த்த நீதிமன்றங்களுக்குத் தெரியாமல் இல்லை. 1881இல் சென்னை உயர்நீதிமன்றம் போயா முனிகாடு வழக்கை விசாரித்தது. மனைவி வேறொருவனுடன் இருந்ததை ஓர் இரவு கண்ட கணவன், மறுநாள் இருவரும் சேர்ந்து உண்பதைக் கண்டு அவனைக் கொன்றான். இடையில் ஓர் இரவே கடந்திருந்தும் அவனுக்கு அந்த விதிவிலக்கு கிடைத்தது. ஆணின் மானம் இரவு முழுதும் கொதித்திருக்கலாம் என்று அன்றே ஒப்புக்கொண்டார்கள்.

பெண்ணின் துயருக்கு அத்தகைய சலுகை கிடைக்க நூறாண்டுக்கு மேலாயிற்று. 1989இல் வெளிவந்த சுயம்புக்கனி எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், கணவனின் கொடுமை தாளாமல் குழந்தைகளுடன் கிணற்றில் குதித்துத் தான் மட்டும் பிழைத்த தாயின் நிலையைச் சென்னை உயர்நீதிமன்றம் ஆராய்ந்தது. அதற்கு நாட்டுக்கதையின் நல்லதங்காள் பெயரையே சூட்டி, தொடர்ந்து நீடிக்கும் சினமூட்டலும் விதிவிலக்குக்குள் வரும் என்று கருதியது. ஆனால் இங்கே இறந்தவர்கள் குழந்தைகள்; கொடுமை செய்தவன் அல்லன். தன்னையும் மக்களையும் அழித்துக்கொள்ளும் பெண்ணைப் புரிந்துகொள்ள நமக்கு ஒரு நல்லதங்காள் இருந்தாள். திருப்பி அடித்தவளைப் புரிந்துகொள்ளக் குண்டலகேசியை யாரும் அழைக்கவில்லை.

அதே 1989இல் இங்கிலாந்தில் கிரண்ஜித் அலுவாலியா என்ற பஞ்சாபிப் பெண், பத்தாண்டு வதைக்குப்பின் உறங்கிக்கொண்டிருந்த கணவனுக்குத் தீயிட்டார், அவர் இறந்தார். கொலைக்குற்றத்துக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் அமைப்பு போராடியது. 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுவிசாரணைக்கு ஆணையிட, குறைந்த குற்றத்துக்கு மாற்றப்பட்டு அவர் விடுதலையானார். ஆனால் அவரைக் காத்தது அவருடைய மனநிலை பாதிப்பு என்ற வாதமே. அடிபட்டவள் நியாயமாகச் சினந்தாள் என்று சொல்ல அன்றும் தயக்கம் இருந்தது. பின்னர் 2009இல் இயற்றிய சட்டத்தில், தன்னடக்க இழப்பு திடீரென நிகழ வேண்டியதில்லை என்று அந்நாடு எழுதிக்கொண்டது.

நம்மிடம் 2012இல் மதுரையில், மகளைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்க முயன்ற கணவனைக் கிரிக்கெட் மட்டையால் அடித்துக் கொன்ற பெண்ணைக் காவல் கண்காணிப்பாளர் அஸ்ரா கர்க் 100ஆம் பிரிவின்படி விடுவித்தார். மறுஆண்டு கௌகாத்தி உயர்நீதிமன்றம், கொடுமைக்குள்ளான மனைவி ஒருத்தியின் கொலைத் தீர்ப்பைக் குறைந்த குற்றமாக மாற்றியபோது கிரண்ஜித் வழக்கையும் எடுத்துப் பேசியது. ஓர் அதிகாரியின் துணிவும் ஒரு நீதிமன்றத்தின் பரிவும் பெரியவை. ஆனால் அவை கிடைப்பது அவரவர் நல்லூழைப் பொறுத்தது.

2024 ஜூலை 1இல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. பிரிவு எண்கள் மாறின; 300 இப்போது 101. 'திடீர்' என்ற சொல் மட்டும் அப்படியே இருக்கிறது. மாமல்லபுரம் அடங்கிய செங்கல்பட்டு மாவட்டத்தின் அமர்வு நீதிமன்றத்திலும் நாளை ஒரு குண்டலகேசி நிறுத்தப்பட்டால், நீதிபதி அந்தச் சொல்லைக் கடந்துதான் அவளுடைய பல்லாண்டுத் துயரை எட்ட வேண்டும்.

கொலையை யாரும் கொண்டாட வேண்டியதில்லை. தீர்ப்பெழுதும் முன் முழுக்கதையையும் கேட்க வேண்டும் என்பதே கோரிக்கை. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அந்தக் குன்றில் உளி பிடித்தவன், பிணத்தைக் காட்டாமல் போரைக் காட்டினான். சட்டம் இன்னும் எருமைத் தலையின் பக்கமே நின்றுகொண்டிருக்கிறது.