மேனிலைக் கணிதம் தமிழ் பேசிய வரலாறு

அணி என்றதும் புலவர் நெஞ்சில் உவமையும் உருவகமும் தோன்றும். திருமுதுகுன்றம் எனப் பழம்பெயர் பூண்ட விருத்தாசலத்தில், பன்னிரண்டாம் வகுப்புக் கணிதம் பயிலும் மாணவிக்கோ, நிரையும் நிரலுமாக எண்களை நிறுத்திய அமைப்பே அணி. ஒரே சொல் இலக்கணத்திலும் கணிதத்திலும் வாழ்கின்றது. அவ்வாழ்வு ஒருநாளில் அமைந்ததன்று.

தமிழர்க்குக் கணக்கு புதிதன்று. காரிநாயனாரின் கணக்கதிகாரம் அளவைகளையும் புதிர்க் கணக்குகளையும் செய்யுளிலேயே உரைத்தது. மேலைநாட்டு இயற்கணிதத்தைத் தமிழில் தரும் முயற்சி ஈழத்தில் முளைவிட்டது. 1855-இல் கறல் விசுவநாதபிள்ளை 'வீசகணிதம்' என்னும் நூலை வெளியிட்டார். 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக விளங்கியவர் இருவர்: ஒருவர் இவர், மற்றவர் பின்னாளில் கலித்தொகையைப் பதிப்பித்த சி.வை. தாமோதரம்பிள்ளை. பழந்தமிழ்ப் பதிப்பும் கணிதத் தமிழும் ஒரே வகுப்பறையின் தோழர்கள் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

1916-இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் அறிவியல் கலைச்சொற்களுக்கென ஒரு சங்கம் நிறுவினர். 1930-களின் இறுதியில் உயர்நிலைப் பள்ளிகளில் தாய்மொழிவழிக் கல்வி வேரூன்றியது. ஆயினும் பள்ளியிறுதியோடு தமிழ் நின்றது. அதன்பின் வந்த கல்லூரிப் புகுமுக வகுப்பில் கணிதம் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடந்தது. 1960-இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் தமிழ்வழிப் பட்டப்படிப்பு தொடங்கியது. 1970-இல் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் தோன்றியது.

திருப்பம் 1978-இல் வந்தது. புகுமுக வகுப்பு மறைந்து, பதினோராம் பன்னிரண்டாம் வகுப்புகள் பள்ளிக்குள் அமைந்தன. 1980-இல் முதற் பொதுத்தேர்வு நிகழ்ந்தது. வெளியூர்க் கல்லூரியில் அயல்மொழியில் எதிர்ப்பட்ட நுண்கணிதம், உள்ளூர்ப் பள்ளியில் தாய்மொழியில் கைக்கெட்டியது. மகளிரை வெளியூருக்கு அனுப்பத் தயங்கிய இல்லங்களுக்கு இஃது எத்துணைப் பெரிய வாயில்!

அக்கணிதத்தின் சொற்களை ஆக்கியோர் தமிழ் மரபறிந்தோர். தொகை, வகை, விரி என நூற்பொருளைப் பாகுபடுத்தியது நம் மரபு. அதன் வழியில் மாற்றத்தின் வீதத்தை அறிவது வகையிடல் ஆயிற்று. சிறு கூறுகளைச் சேர்த்து முழுமை காண்பது தொகையிடல் ஆயிற்று. வளைவரை ஒன்று நெருங்கிக்கொண்டே செல்ல, எட்டாத் தொலைவில் அதனைத் தொடுவதாகக் கருதப்படும் கோடு 'தொலைத்தொடுகோடு'. இதனினும் செறிந்த சொல்லைக் கவிஞர் எளிதில் ஆக்கவியலாது. ஈழத்தார் வேறு வழி சென்றனர்: இங்கே அணி, அங்கே தாயம், இங்கே கலப்பெண், அங்கே சிக்கலெண், இங்கே வெக்டர் எனக் கடன் கொண்டது, அங்கே காவி எனத் தமிழாயிற்று. நிகழ்தகவு இருவர்க்கும் பொது.

பீங்கான் தொழிலால் பெயர்பெற்ற விருத்தாசலத்தில் இக்கணிதம் ஏட்டுச் சுரைக்காயன்று. சக்கரத்தில் சுழன்று உருப்பெறும் கிண்ணம், ஒரு வளைவரையை அச்சைச் சுற்றிச் சுழற்றியதால் தோன்றும் வடிவமே; அதன் கொள்ளளவைத் தொகையிடல் தருகின்றது. சூளையினின்று இறக்கிய கலம் ஆறும் வேகம், அதற்கும் சுற்றுப்புறத்துக்குமுள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. நியூட்டனின் அக்குளிர்ச்சி விதியை மேனிலை வகுப்பு வகைக்கெழுச் சமன்பாடாகக் கற்பித்தது. குயவர் கையறிந்ததை மாணவி எழுத்தில் அறிகின்றாள்.

இதன் விளைவு சிறிதன்று. 1984-இல் தொழிற்கல்விக்கு நுழைவுத்தேர்வு வந்தது; 2007-இல் நீங்கியது. அதன்பின் பொறியியல் தரவரிசையின் 200 மதிப்பெண்ணில் கணிதத்தின் பங்கு 100 ஆயிற்று. சிற்றூர்ப் பிள்ளைகள் தமிழில் எழுதிய தேர்வே அவர்தம் வாழ்வை வகுத்தது. ஆனால் கல்லூரி வாயிலைக் கடந்தவுடன் வகைக்கெழுவும் தொகையீடும் பெரும்பாலோர் நாவினின்று உதிர்ந்தன. 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடவியலையும் இயந்திரவியலையும் தமிழ்வழியில் தொடங்கியது நல்ல முயற்சி. எனினும் அன்று தொடங்கிய பிரிவுகள் இரண்டே.

ஈராண்டு மட்டும் வழங்கி மறக்கப்படும் சொல், அகராதியில் இருந்தும் இல்லாததே. ஒரு சொல் உயிர்வாழப் புழங்குவோர் வேண்டும். விசுவநாதபிள்ளை காலத்தில் புலமையும் கணிதமும் ஓரிடத்தே இருந்தன. இன்று அவற்றிடையே சுவர் எழுந்துள்ளது. பன்னிரண்டாம் வகுப்புக் கணித நூலைக் கவிஞர்கள் ஒருமுறை புரட்டிப் பார்ப்பாராக. அங்கே அவர்கள் காணப்போவது அயலாரின் மொழியன்று. தம் மொழியின் மற்றொரு முற்றமே.