கழன்று வரும் சக்கரம்

கார் வைத்திருப்போரும் லாரி ஓட்டுவோரும் நாள்தோறும் வழங்கும் சொல் ஸ்டெப்னி. வழியில் டயர் பஞ்சரானால் மாட்டிக்கொள்வதற்கென உடன் எடுத்துச் செல்லும் உபரிச் சக்கரத்திற்கு அது பெயர். அச்சொல் வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரில் உள்ள ஒரு தெருவின் பெயர் என்பதைப் பலர் அறியார். 1904ஆம் ஆண்டில் அந்நகரைச் சேர்ந்த தாமஸ் மாரிஸ் டேவிஸ் என்பவர், ஆரக்கால் இல்லாத வெறும் விளிம்பில் காற்றடைத்த டயரைப் பூட்டி, பஞ்சரான சக்கரத்தின் பக்கத்தில் அதை இறுக்கிக்கொள்ளும் வகையைக் கண்டார். தெருவின் பெயர் சக்கரத்திற்கு ஆகி, கடல் கடந்து நம் பட்டறைகளிலும் குடிபுகுந்துவிட்டது.

வீதியில் செல்பவனுக்கு வீடு போய்ச் சேர்ந்தால் போதும். பந்தயத்தில் ஓடுபவனுக்கோ ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. வண்டியைச் செய்தவர் ஒருவர். டயரையும் விளிம்பையும் செய்தவர் மற்றொருவர். அப்படியிருக்க, பிறர் செய்த சக்கர உறுப்பைத் தன் வண்டியில் ஏற்பதா, ஏற்றால் எத்தனை, எங்கே என்பது பந்தயக்காரர்களுக்குப் பெரும் பிரச்சினையாயிற்று. அப்பிரச்சினை முதன்முதலாகத் தெளிவாக வெளிப்பட்ட இடம், 1906 ஜூன் மாதம் பிரான்சில் லெ மான் நகருக்கருகே நடந்த கிராண்ட் பிரி பந்தயமாகும்.

காற்றடைத்த டயர் அன்று புதுமையன்று. 1895ஆம் ஆண்டிலேயே மிஷலின் சகோதரர்களான ஆந்த்ரேயும் எதுவாரும், பாரிஸிலிருந்து போர்தோ சென்று திரும்பும் பந்தயத்தில் காற்று டயர் பூட்டிய காரை ஓட்டினர். வழியெல்லாம் பஞ்சர். குறித்த நூறு மணி நேரத்திற்குள் அவர்களால் வந்து சேர இயலவில்லை. ஆயினும் கெட்டி ரப்பரைவிடக் காற்றே வேகத்திற்கு உகந்தது என்பதைப் பின்வந்த ஆண்டுகள் மெய்ப்பித்தன. வேகம் வளர வளர, பஞ்சரும் வளர்ந்தது.

அக்காலத்துச் சக்கரம் அச்சை விட்டுக் கழலாது. ஆகவே பஞ்சரான டயரைக் கத்தியால் அறுத்தெறிந்துவிட்டு, புதியதை அதே விளிம்பின்மேல் நெம்பி ஏற்ற வேண்டும். இதற்குச் சுமார் 15 நிமிஷம் பிடிக்கும். லெ மானில் மற்றொரு நிபந்தனையும் இருந்தது: பந்தயத்தின்போது ஓட்டுநரும் அவருடைய மெக்கானிக்கும் தவிர வேறு எவரும் வண்டியைத் தொடலாகாது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 103 கிலோமீட்டர். நாளொன்றுக்கு ஆறு சுற்றாக இரண்டு நாள். கடும் வெயிலில் பாதையின் தார் உருகி, தெறித்துக் கண்களில் விழுந்தது. ரெனோ வண்டியை ஓட்டிய எத்மோன் என்பவரின் கண்ணாடி உடைந்தது. வேறு கண்ணாடி அணிய அதிகாரிகள் அனுமதிக்கவில்லை. அவர் வேதனை தாளாது விலகினார். இத்தகைய நிலையில், களைத்த கைகளால் டயரை நெம்புவது எத்துணைக் கடினம் என்பதை நாம் ஊகிக்கலாம்.

மிஷலின் நிறுவனம் அங்கே கழற்றும் விளிம்பைக் கொண்டுவந்தது. காற்றடைத்த டயர் அதில் ஏற்கனவே ஏற்றப்பட்டிருக்கும். நட்டுகளைக் கழற்றி, பழைய விளிம்பை எடுத்துவிட்டுப் புதியதை முடுக்கினால் வேலை முடிந்தது. 15 நிமிஷ வேலை 2 நிமிஷத்திற்கும் குறைவாயிற்று.

அப்படியாயின் எல்லோரும் ஏன் அதை ஏற்கவில்லை? வண்டியின் எடை 1,000 கிலோகிராமுக்கு மேற்படலாகாது என்பது விதி. புதிய விளிம்போ சக்கரம் ஒன்றுக்கு 9 கிலோகிராம் கூடுதல். நான்கு சக்கரத்திற்கு 36. பனார் முதலிய சில வண்டிகள் முன்னரே எல்லையைத் தொட்டிருந்தமையால் அவற்றால் ஏற்க முடியவில்லை. பியட் வண்டிகள் நான்கு சக்கரங்களிலும் பொருத்தின. ரெனோ நடுவழியைத் தேர்ந்தது: பின்சக்கரம் இரண்டில் மட்டும் பொருத்தியது. எஞ்சினின் விசையைத் தாங்கிச் சாலையை உந்துவது பின்சக்கரமே. டயர் விரைந்து தேய்வதும் அங்கேதான்.

ரெனோவை ஓட்டிய பெரென்ட்ஸ் சிஸ் என்னும் ஹங்கேரியர் 12 மணி 14 நிமிஷத்தில் முதலாவதாக வந்தார். பியட்டின் நட்சாரோ சுமார் 32 நிமிஷம் பின்தங்கி இரண்டாமவரானார். விளிம்பே வெற்றியைத் தந்தது என்று கூறுவது மிகையாகும். நான்கும் பொருத்தியவர் இரண்டாவதாகத்தானே வந்தார்! ஆனால் அது இல்லாதவர்கள் ஒவ்வொரு பஞ்சருக்கும் பத்து நிமிஷத்திற்கு மேல் கூடுதலாக இழந்தனர் என்பதில் ஐயமில்லை.

அடுத்து எழுந்தது சக்கரம் முழுவதையுமே கழற்றும் எண்ணம். இங்கிலாந்தின் ரட்ஜ் விட்வொர்த் நிறுவனத்தார், நடுவில் ஒரே நட்டால் இறுகும் கம்பிச் சக்கரத்தைச் செய்தனர். 1908இல் தியெப் நகரில் நடந்த கிராண்ட் பிரியில் அது கூடாதென அமைப்பாளர் மறுத்தனர். அச்சக்கரத்தை நம்பியிருந்த நேப்பியர் வண்டிகள் போட்டியிலிருந்தே விலகின. விளிம்பு கழலலாம், சக்கரம் கழலலாகாது என்ற தீர்ப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. 1912இல் அதே தியெப்பில் ஜார்ஜ் புவாயோ ஓட்டி வென்ற பூஜோ வண்டியில் இருந்தது அந்த ஒற்றை நட்டுச் சக்கரமே.

2023இல் கத்தார் பந்தயத்தில் மெக்லாரன் குழுவினர் நான்கு சக்கரங்களையும் 1.80 வினாடியில் மாற்றினர். அங்கும் சக்கரத்திற்கு ஒரே நட்டுத்தான். இருவர் செய்த வேலையை இன்று ஏறத்தாழ இருபது பேர் பகிர்ந்து செய்கின்றனர். இன்றும் தம் காருக்கு வேறு சக்கரம் வாங்கிப் பூட்டிப் பந்தயப் பாதையில் இறக்குவோர் உளர். அகலமான டயர் பிடிப்பைத் தரும், எடையையும் தரும். ஒன்றைப் பெற மற்றொன்றைக் கொடுக்க வேண்டும். எவ்வளவு கொடுக்கலாம் என்று அளந்து பார்த்தவர்களே லெ மானில் முந்தினார்கள்.