மூவர் ஆடும் முற்றம்

அஸர் தொழுகை முடிந்து, கொல்லிமலையின் மீது மாலை வெயில் மஞ்சளாய்ப் படியும் வேளை. இராசிபுரத்துப் பக்கம் ஏதேனும் ஒரு சிற்றூரில், நெசவு வீட்டு வாசலிலோ நிலக்கடலை காயும் களத்திலோ மூன்று பிள்ளைகள் கூடி நிற்பர். மட்டை இல்லை, பந்து இல்லை, கையில் காசும் இல்லை. ஆயினும் சற்று நேரத்தில் அங்கே ஒரு விளையாட்டுப் பிறந்துவிடும். கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ‘சா பூ த்ரீ’ என்று கூவி, உயர்த்தி, விரித்துக் காட்டுவர். இருவர் உள்ளங்கையையும் ஒருவர் புறங்கையையும் காட்டினால், அந்த ஒருவர் ‘பழம்’, அவர் தப்பித்தவர். எஞ்சிய இருவரில் யார் பிடிப்பது? இருவர் கைகளால் மட்டும் அதை முடிவு செய்ய இயலாது. ஆகவே தப்பித்தவரே திரும்பி வந்து, தமக்கென எந்த ஆதாயமும் இன்றிக் கை கொடுப்பார். அவர் கையோடு ஒத்தவர் விடுபடுவார். ஒவ்வாதவர் பிடிக்கப் புறப்படுவார்.

1997-இல் நாமக்கல் தனி மாவட்டமாகச் சேலத்திலிருந்து பிரிந்தது. ஆட்சி எல்லை பிரிந்ததே தவிர, ஆத்தூர் முதல் பரமத்தி வேலூர் வரை பிள்ளைகளின் கைகள் இன்னும் ஒரே மொழியைத்தான் பேசுகின்றன.

இச்சிறு ஆட்டத்தினுள் ஒரு கணக்கு உண்டு. கைக்கு இரண்டு முகங்கள். மூன்று கைகள் விரியும் வகைகள் எட்டு. அவற்றுள் இரண்டில் மூவரும் ஒத்திருப்பர். மீண்டும் போட வேண்டியதுதான். மற்ற ஆறிலும் ஒருவர் தனித்து நிற்பார். அந்த வாய்ப்பு மூவருக்கும் இவ்விரண்டாகச் சமமாய்ப் பங்கிடப்பட்டிருக்கிறது. நால்வர் ஆடினால் இரண்டுக்கு இரண்டு என முட்டி நிற்பது உண்டு. மூவரிடையே அப்படி நேர வழியே இல்லை. பெரியவன், சிறியவன், செல்வர் வீட்டுப் பிள்ளை, கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை என்னும் வேற்றுமை எதுவும் இங்கே செல்லாது. நடுவர் இல்லாமலே நீதி கிடைக்கிறதென்றால், அது சிறிய செய்தியா?

மூவர் கூடுமிடத்தில் ஓர் ஆபத்து எப்போதும் உண்டு. இருவர் சேர்ந்துகொள்வர், ஒருவர் தனித்துவிடப்படுவார். மூவர் இருக்கையில் மூன்றாமவரை விட்டுவிட்டு இருவர் மட்டும் இரகசியம் பேசலாகாது, அது அவரைத் துயருறச் செய்யும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. பெரியவர்களின் அவைக்குச் சொல்லப்பட்ட இவ்வொழுக்கத்தை நம் ஊர்ப் பிள்ளைகளின் ஆட்டங்கள் தம் விதியாகவே வைத்திருக்கின்றன என்பதே நாம் சொல்ல விழைவது.

எண்ணிப் பாருங்கள். கண்ணாமூச்சியில் ஒருவர் தேட, ஒருவர் ஒளிய, தேடுபவரின் கண்களைப் பொத்தி நிற்கும் மூன்றாமவர் தாய்ச்சி. தாய்மை என்னும் சொல்லின் சாயல் அப்பெயரிலேயே ஒலிக்கிறது. கயிறாட்டத்தில் இருவர் சுற்ற ஒருவர் தாண்டுவார். கால் தட்டினால் தாண்டியவர் கயிற்றைப் பிடிக்க வேண்டும். பச்சைக் குதிரையில் ஒருவர் குனிய, மற்ற இருவரும் அவர் முதுகில் கையூன்றித் தாண்டுவர். குனிந்தவர் முறை வரும்போது நிமிர்வார். இருவர் நான்கு கைகளைக் கோத்து இருக்கை அமைக்க, மூன்றாமவர் அதில் அமர்ந்து அரசரைப் போல் பவனி வருவதும் உண்டு. அடுத்த சுற்றில் அரசரே சுமப்பவர் ஆவார். மூன்றாமவர் எங்கும் மிகையாக நிற்பதில்லை. எந்தப் பதவியும் எவருக்கும் நிலைப்பதில்லை.

இவை நேற்று முளைத்தவை அல்ல. காவிரிக்கு அக்கரையில் இருக்கும் கருவூரை நினைவூட்டும் புறநானூற்றின் 36-ஆம் பாடல், பொருநை ஆற்று வெண்மணலில் மகளிர் பொன்னாற் செய்த கழங்கு கொண்டு ஆடும் காட்சியைக் காட்டுகிறது. பாடியவர் ஆலத்தூர் கிழார். அரசர் முற்றுகையிட்டு நிற்க, மகளிர் மணலில் ஆடுகின்றனர். அந்தக் கழங்கின் வழிவந்ததே இன்று நம் திண்ணைகளில் ஆடப்பெறும் அஞ்சாங்கல் எனலாம்.

அரபு மக்களிடமும் கை விளையாட்டு உண்டு. ஹிஜ்ரி 711-இல் மறைந்த இப்னு மன்ழூர் தொகுத்த ‘லிஸானுல் அரப்’ என்னும் பேரகராதி, ‘கராஜி’ என்றோர் ஆட்டத்தைக் குறிக்கிறது. ஒருவர் கையில் ஏதேனும் ஒன்றை மூடிக்கொண்டு, உள்ளிருப்பதை வெளிக்கொணருமாறு மற்றவர்களை அழைப்பாராம். புளியங்கொட்டையைக் கைக்குள் மூடி ‘ஒத்தையா, ரெட்டையா?’ என்று கேட்கும் நம் ஊர்ச் சிறுமிக்கு இது அந்நியமாகத் தோன்றுமா? உரோமானியரிடையே விரல் நீட்டி எண்ணிக்கை கூறும் ஆட்டம் வழங்கியது. இருட்டிலும் நம்பி அவ்வாட்டம் ஆடத்தக்கவர் என்பதே அவர்களிடம் நேர்மையாளருக்குரிய பழமொழி. கையை நம்புவது என்பது மனிதரை நம்புவதேயாகும்.

இவ்விடத்தில் நம் வீடுகளில் எழும் வினா ஒன்று உண்டு. ஓத வேண்டிய பிள்ளைகள் ஆடுவது தகுமா? நாமும் ஒருகாலத்தில் தகாது என்றே எண்ணியிருந்தோம். மக்தபு வாசலில் மூன்று சிறுவர் வைத்திருந்த கற்களைப் பறித்துச் சாக்கடையில் எறிந்ததும் உண்டு. பின்னர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் ‘இஹ்யா’வை மாணவர்க்குப் பாடமாக நடத்தும்போது, ஓதி முடித்த பிள்ளையை நல்ல விளையாட்டு ஆட விடவேண்டும், விளையாட்டைத் தடுத்துப் படிப்பையே ஓயாது சுமத்துவது பிள்ளையின் உள்ளத்தைச் சாகடித்து அறிவை மழுங்கச் செய்யும் என்னும் கருத்தைக் கண்டோம். கிதாபைக் கையில் வைத்துக்கொண்டு நாம் நாணி நின்றோம்.

முஸ்னது அஹ்மதில் ஒரு செய்தி வருகிறது. அதன் அறிவிப்புத் தொடரில் ஹதீதுக் கலையினர் குறை கண்டுள்ளனர் எனினும், பெருமானாரின் கனிவை நன்கு காட்டுவது. அப்பாஸ் (ரலி) அவர்களின் மக்களான அப்துல்லாஹ், உபைதுல்லாஹ், கஸீர் ஆகிய மூவரையும் அண்ணலார் வரிசையாக நிறுத்தி, முதலில் தம்மிடம் வந்து சேர்பவருக்கு இன்னது தருவேன் என்பார்கள். மூவரும் ஓடிவந்து அவர்களுடைய முதுகிலும் மார்பிலும் விழ, அண்ணலார் அணைத்து முத்தமிடுவார்கள். முந்தியவரை மட்டுமல்ல, வந்து விழுந்த அனைவரையுமே! அப்பரிசு ஆடும் பிள்ளைகளின் கையிலிருந்து வரவில்லை. ஆட்டத்திற்கு வெளியே நின்றவரின் அன்பிலிருந்து வந்தது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஃபிக்ஹு நூல்கள் நுணுகி ஆராயும் வேறுபாடு அது.

ஏனெனில், ஆட்டத்திற்கு எல்லையும் உண்டு. திருமறை தடுத்த ‘மைஸிர்’ என்னும் சூதைப் பற்றி விளக்குகையில், முஜாஹித் (ரஹ்) போன்ற தாபியீன்கள், சிறுவர் அக்ரூட்டுக் கொட்டைகளைப் பந்தயம் வைத்தாடுவதும் அதில் அடங்கும் என்றனர். புளியங்கொட்டையை வைத்து ஒத்தை ரெட்டை ஆடி எண்ணிப் பழகுவது விளையாட்டு. தோற்றவன் கொட்டைகள் வென்றவனுக்கே சொந்தம் என்று ஆகிவிட்டால் அது சூதின் அரிச்சுவடி. ஆனால் ‘சா பூ த்ரீ’யில் எவர் பொருளும் எவரிடமும் சேர்வதில்லை, முறை யாருக்கு என்பது மட்டுமே முடிவாகிறது. அது குர்ஆ என்னும் சீட்டுக்குலுக்கலின் இனத்தது. மர்யம் (அலை) அவர்களை வளர்க்கும் பொறுப்பு யாருக்கு என்று எழுதுகோல்களை எறிந்து முடிவு செய்ததைத் திருமறையின் மூன்றாம் அத்தியாயம் கூறுகிறது. பயணத்தில் உடன்வரும் துணைவியார் யார் என்பதை நபிகளாரும் குர்ஆ மூலமே தீர்த்தார்கள். உரிமை சமமாக இருக்கையில் மனக்கசப்பின்றி முறை வகுக்க அதுவே வழி.

இந்த எல்லைக்கோட்டைப் பிள்ளைக்குக் களத்து மண்ணிலேயே காட்டிவிடுவது எளிது. பிந்தினால் எவ்வளவு விலை கொடுக்க நேரும் என்பதை நம் காலம் கண்டுவிட்டது. இணையவழிச் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழக அரசு 2023-இல் ஒரு சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது; 2025-இல் நடுவண் அரசும் பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களைத் தடுத்துச் சட்டம் இயற்றியது. கைப்பேசியை ஒருவன் பிடித்திருக்க, ஒருவன் தோளின்மேல் எட்டிப் பார்க்க, மூன்றாமவன் சுவரோரம் தனித்து அமர்ந்திருக்கும் காட்சியை நம் வீட்டுத் திண்ணைகளிலேயே காண்கிறோம். அந்த மூன்றாமவனுக்கு அங்கே வேலையுமில்லை, முறையும் இல்லை.

ஆகவே தாய்மார்களே, தந்தையரே! மாலையில் பிள்ளைகள் மூவர் வாசலில் கூடிக் கை விரித்தால் அவர்களை விரட்டாதீர்கள். மஃரிபின் பாங்கு ஒலிக்கும்வரை ஆடட்டும். ஆட்டத்தில் தப்பித்த பின்னும் பிறர் வழக்குத் தீரத் திரும்பி வந்து கை கொடுக்கும் பிள்ளை, நாளை ஜமாஅத்திலும் தனக்கென எதையும் நாடாமல் நடுநின்று நீதி சொல்லும் மனிதனாகக் கூடும். அல்லாஹ் நம் மக்களுக்கு அந்தக் கையைத் தந்தருள்வானாக!